தன் வழக்கில் தானே நீதிபதி: பிரித்தானிய வாடகை உதவிப்பணமும் மேன்முறையீட்டு உரிமையும்

பசுவின் கன்றைக் கொன்ற தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் கதை, தமிழரிடையே நீதிக்கோர் எடுத்துக்காட்டாக நெடுங்காலம் வழங்கி வருகின்றது. அக்கதையில் ஊன்றி நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. குற்றஞ் செய்தவன் அரசனின் மகன். தீர்ப்பு வழங்கியவனோ அரசன். தன் வீட்டுக்கு எதிராகத் தானே தீர்ப்புச் செய்தமையினாலேயே அவன் போற்றப்படுகின்றான். அத்தகையோர் அரியர் என்பதனாலேயே அக்கதையும் நிலைத்து நின்றது. அரிதாகத் தோன்றும் அறவுணர்வை நம்பி ஒரு நாட்டின் சட்ட முறைமையை அமைத்தல் இயலாது. இவ்வுண்மையை உணர்ந்த ஆங்கிலச் சட்டம், எவரும் தம் வழக்கில் தாமே நீதிபதியாதல் ஆகாது என்பதனை இயற்கை நீதியின் இரு தூண்களுள் ஒன்றாகக் கொண்டது. இரு தரப்பினரையுங் கேட்டே தீர்ப்பளித்தல் வேண்டும் என்பது மற்றைய தூண்.

இக்கோட்பாடு இங்கிலாந்தில் மிகப் பழமையானது. 1610ஆம் ஆண்டில் பொனம் என்னும் வைத்தியரின் வழக்கில் நீதியரசர் எட்வேட் கோக், இலண்டன் வைத்தியர் கல்லூரி தான் விதிக்கும் தண்டப்பணத்தில் தானே பங்கு பெறுவதாயின், அவ்விடயத்தில் அது நீதிபதியாக அமர்தல் தகாது எனச் சுட்டிக்காட்டினார். 1852ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை இதனினும் ஒருபடி மேலே சென்றது. நாட்டின் தலைசிறந்த நீதிப் பதவியை வகித்த பிரபு ஒருவர், ஒரு கால்வாய்க் கம்பனியில் தமக்குப் பங்குகள் இருக்க, அக்கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார் என்னுங் காரணத்தால் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது. அவர் உண்மையில் பக்கஞ் சார்ந்தார் என எவருங் கூறவில்லை. சார்ந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்திற்கு இடமளித்தமையே போதுமான குற்றமாயிற்று.

வைத்தியருக்கும் நிலக்கிழாருக்கும் இவ்வளவு விழிப்புடன் வழங்கப்பட்ட பாதுகாப்பு, வாடகை கொடுக்க வழியற்ற ஏழைக் குடியிருப்பாளருக்கு எப்போது கிடைத்தது? 1983ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், பிரித்தானியாவில் வாடகை உதவிப்பணம் மறுக்கப்பட்ட ஒருவர், தமக்கு அதனை மறுத்த உள்ளூராட்சி மன்றத்தின் உறுப்பினர்களிடமே இறுதி முறையீட்டைச் செய்ய வேண்டியிருந்தது. சட்டத்தின் தாயகம் எனத் தன்னைக் கருதிக்கொண்ட ஒரு நாட்டில் இந்நிலை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நீங்கிற்று என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

ஏழையர் சட்டத்தின் நிழல்

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியோரைப் பராமரிக்கும் பொறுப்பை அவ்வப் பங்கின் மீது சுமத்திற்று. பங்கிலுள்ள உடைமையாளரிடம் வரி அறவிடப்பட்டு ஏழைகளுக்கு உதவி வழங்கப்பட்டது. அக்காலத்தில் உதவி மறுக்கப்பட்ட ஏழை, சமாதான நீதவானிடஞ் சென்று முறையிடலாம். நீதவான் உதவி வழங்குமாறு கட்டளையிடவுங் கூடும். அந்நீதவானும் நிலவுடைமை வர்க்கத்தைச் சேர்ந்தவரே எனினும், மறுத்தவர் ஒருவராகவும் முறைப்பாட்டைக் கேட்பவர் வேறொருவராகவும் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

1834ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வழியைப் பெரிதும் அடைத்துவிட்டது. உதவி வழங்கும் அதிகாரம், வரியிறுப்போரால் தெரிவு செய்யப்பட்ட பாதுகாவலர் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவி கோரியவர் வேலைச்சாலைக்குள் அனுப்பப்பட்டார். பணத்தைக் கொடுப்போரின் பிரதிநிதிகளே பணம் பெறத்தக்கவர் யாரெனத் தீர்மானித்தனர். அவர்களின் தீர்மானத்தின் மீது ஏழைக்கு எவ்வித மேன்முறையீடும் இருக்கவில்லை. உதவி என்பது உரிமையன்று, கருணையே என்னும் எண்ணம் ஆங்கில உள்ளூராட்சியின் எலும்பில் ஊறியது இக்காலத்திலேயே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு மரபு முளைவிட்டது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம், வேலையிழந்தோருக்கான கொடுப்பனவு மறுக்கப்படுமிடத்து முறையிடுவதற்கு நடுவர் மன்றங்களை அமைத்தது. தலைவர் ஒருவரும், தொழில் கொள்வோரின் பிரதிநிதி ஒருவரும், தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் அவற்றில் அமர்ந்தனர். அவற்றுக்கு மேலாக உச்ச நடுவர் ஒருவர் இருந்தார். 1934ஆம் ஆண்டில் வேலையற்றோர் உதவிச் சபை நிறுவப்பட்டபோதும், 1948ஆம் ஆண்டில் தேசிய உதவிச் சபை ஏழையர் சட்டத்தின் இடத்தைப் பெற்றபோதும், மேன்முறையீட்டு நியாயசபைகளும் உடன் தோன்றின. இவை குறைபாடுகள் மலிந்தவையே. ஆயினும், உதவி மறுக்கப்பட்டவர் மறுத்தவரல்லாத ஒருவரிடஞ் செல்லலாம் என்னும் எண்ணம் இவற்றால் வேரூன்றியது. 1957ஆம் ஆண்டில் பிராங்ஸ் குழு தன் அறிக்கையில் திறந்த தன்மை, நேர்மை, நடுநிலை ஆகிய மூன்றையும் நியாயசபைகளின் இலக்கணமாக வகுத்துக் கூறிற்று.

வாடகை என்னும் சிக்கல்

வாடகை இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவதற்குக் காரணம் உண்டு. உணவின் விலையும் உடையின் விலையும் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வாடகையோ இடத்துக்கிடமும் வீட்டுக்கு வீடும் வேறுபட்டது. 1942ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்ட வில்லியம் பெவரிட்ஜ், யாவருக்கும் ஒரே அளவான காப்புறுதிக் கொடுப்பனவை வகுக்க முனைந்தபோது இடறியது இக்கல்லிலேயாகும். வாடகைச் சிக்கலுக்கு அவரால் நிறைவான விடை காண இயலவில்லை. அதன் விளைவாக, வாடகைக்கு உதவுதல் என்பது ஒவ்வொருவரின் வருமானத்தையும் வீட்டையும் குடும்பத்தையும் தனித்தனியே ஆராய்ந்து தீர்மானிக்கப்பட வேண்டிய ஒன்றாகவே எஞ்சிற்று.

இவ்வுதவி இரு வேறு வழிகளில் வழங்கப்பட்டது. வருமானமே அற்றோருக்குத் தேசிய உதவிச் சபையும், 1966ஆம் ஆண்டின் பின்னர் குறைநிரப்பு உதவிப்பண ஆணைக்குழுவும் வாடகையையும் சேர்த்தே கொடுத்தன. குறைந்த கூலி பெற்றோருக்கு உள்ளூராட்சி மன்றங்கள் வாடகைக் கழிவு வழங்கின. 1930ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இதற்கு அதிகாரம் அளித்திருந்ததாயினும், வழங்குவதும் வழங்காது விடுவதும் மன்றங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன.

1972ஆம் ஆண்டில் எட்வேட் ஹீத்தின் அரசாங்கம் கொண்டுவந்த வீடமைப்பு நிதிச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. மன்ற வீடுகளின் வாடகையை உயர்த்துமாறு அது பணித்தது. அதற்கு ஈடாக, வாடகைக் கழிவு நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. தனியார் வீடுகளில் குடியிருந்தோருக்கும் வாடகைப் படி வழங்கப்பட்டது. டாபிஷயரிலுள்ள கிளே குறொஸ் என்னுஞ் சிறிய சுரங்க ஊரின் மன்ற உறுப்பினர் பதினொருவர் வாடகையை உயர்த்த மறுத்தனர். அதனால் நேர்ந்த இழப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டுமெனப் பணிக்கப்பட்டுப் பதவியையும் இழந்தனர். உள்ளூராட்சி மன்றம் எப்போதும் குடியிருப்பாளரின் எதிரியாகவே இருந்தது என எண்ணுதல் தவறு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. மத்திய அரசாங்கத்தின் கட்டளைக்கும் தன் மக்களின் தேவைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட நிலையே மன்றங்களின் உண்மை நிலை. இதனைப் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போதும் மனங்கொள்ளல் வேண்டும்.

பறிக்கப்பட்ட உரிமை

இருவழி முறை குழப்பம் மிக்கது. எவ்வழியில் விண்ணப்பித்தால் தமக்கு நன்மை மிகும் என்பதைப் பல குடும்பங்களால் அறிந்துகொள்ள முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கும் நோக்கத்துடன் 1982ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்பு மற்றும் வீட்டு உதவிப்பணச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு பகுதியும் 1983 ஏப்பிரலில் முழுமையும் நடைமுறைக்கு வந்தன. வாடகைக்கான உதவி முழுவதையும் உள்ளூராட்சி மன்றங்களே நிருவகிக்கலாயின. இலட்சக்கணக்கான கோப்புகள் கைமாறின. போதிய ஆளணியும் ஆயத்தமும் இன்றித் தொடங்கிய மன்றங்கள் பல தடுமாறின. விண்ணப்பங்கள் தேங்கின; கொடுப்பனவுகள் தாமதித்தன; கணக்குகள் பிழைத்தன. பிழைத்த கணக்கின் விலையைக் கொடுத்தவர் குடியிருப்பாளரே. வாடகை நிலுவையானால் வீட்டுக்காரர் வழக்குத் தொடர்வார். வழக்கின் முடிவில் குடும்பம் தெருவுக்கு வரும்.

இத்தகைய வேளையில் முறையிடும் வழி எவ்வாறிருந்தது? இங்கேதான் அதிகங் கவனிக்கப்படாத ஓர் இழப்பு நிகழ்ந்தது. குறைநிரப்பு உதவிப்பணத்தின் வழியாக வாடகை பெற்றோர், அது மறுக்கப்பட்டால் நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை உடையோராயிருந்தனர். வாடகை உதவி மன்றங்களின் கைக்கு மாறியதும், வாடகை தொடர்பான அவ்வுரிமை அவர்களிடமிருந்து நழுவிற்று. புதிய முறையின்படி மன்ற உத்தியோகத்தரே தம் தீர்மானத்தை மீளப் பார்ப்பர். அதிலும் நிறைவு காணாதவர், அதே மன்றத்தின் உறுப்பினர்களைக் கொண்ட மீளாய்வுச் சபையை நாடலாம். அதற்கு மேல் மேன்முறையீடு இல்லை.

இதன் முரண்பாட்டை ஓர் ஒப்பீடு தெளிவாக்கும். 1984 ஏப்பிரலில் குறைநிரப்பு உதவிப்பண நியாயசபைகள் சீர்திருத்தப்பட்டுச் சமூகப் பாதுகாப்பு மேன்முறையீட்டு நியாயசபைகளாயின. சட்டந் தெரிந்தவர்களே அவற்றுக்குத் தலைவர்களாதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆகவே ஒரே குடும்பம், உணவுக்கான உதவி மறுக்கப்பட்டால் சுதந்திரமான நியாயசபையின் முன்னும், வாடகைக்கான உதவி மறுக்கப்பட்டால் மறுத்த மன்றத்தின் உறுப்பினர் முன்னும் நிற்க நேர்ந்தது. ஒரு கையால் நீதியை உயர்த்திய அதே பாராளுமன்றம், மறு கையால் அதனைத் தாழ்த்திற்று.

மீளாய்வுச் சபையின் இயல்பு

1986ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1988 ஏப்பிரலில் திட்டம் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டபோதும் மீளாய்வுச் சபைகள் நீடித்தன. 1987ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, தீர்மானம் கிடைத்து ஆறு வாரங்களுக்குள் குடியிருப்பாளர் உள்ளக மீளாய்வைக் கோரலாம். அதன் முடிவு கிடைத்து இருபத்தெட்டு நாட்களுக்குள் மீளாய்வுச் சபையின் விசாரணையைக் கோரலாம். விசாரணையில் தோன்றவும், பிரதிநிதியை அழைத்து வரவும், சாட்சியம் அளிக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. முடிவும் காரணங்களும் எழுத்தில் தரப்படல் வேண்டும்.

எழுத்தளவில் நோக்கின் இவை குறைந்தவை அல்ல. எனினும் சபையின் அமைப்பே குறை உடையதாயிருந்தது. மன்றத்தின் வரவு செலவுக்குப் பொறுப்பானோரே அம்மன்றத்தின் செலவைக் கூட்டும் கோரிக்கையைத் தீர்மானித்தனர். அவர்களுக்குச் சட்ட ஆலோசனை கூறியவரும் பெரும்பாலும் அம்மன்றத்தின் உத்தியோகத்தரே. எதிர்த்தரப்பில் நின்று வாதிட்டவரும் அம்மன்றத்தின் உத்தியோகத்தரே. மேசையின் மூன்று பக்கமும் மன்றமும், நான்காம் பக்கத்தில் குடியிருப்பாளருமாக அவ்விசாரணை அமைந்தது எனலாம். பல உறுப்பினர்கள் மனச்சாட்சியுடன் செயற்பட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. தம் தொகுதி மக்களின் துன்பத்தை நேரில் அறிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆயின் குறை மனிதரில் அன்று, இருக்கையில் இருந்தது. நியாயசபைகளை மேற்பார்வை செய்வதற்காக 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த நியாயசபைகள் பேரவை, இச்சபைகள் சுதந்திரமற்றவை என மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டி வந்தது.

மீளாய்வுச் சபை தவறிழைத்தால் எஞ்சிய ஒரே வழி, மேல் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு கோருவதாகும். அதற்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெறல் வேண்டும். அதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. அந்நீதிமன்றம் சட்டப் பிழையையே ஆராயும்; உண்மை எது என்பதை மீள விசாரிக்காது. குடியிருப்பாளர் வென்றாலும், பெரும்பாலும் பழைய தீர்மானம் நீக்கப்பட்டு அலுவல் மீண்டும் மீளாய்வுச் சபைக்கே திரும்பும்.

இங்குதான் சிக்கலின் உயிர்நாடி உள்ளது. வாடகை உதவிப்பணத் தகராறுகளிற் பல சட்ட நுணுக்கம் பற்றியவை அல்ல; ஒருவரின் சொல்லை நம்புவதா இல்லையா என்பது பற்றியவை. இன்னாருடன் வாழ்கின்றாரா, தனித்து வாழ்கின்றாரா? வீட்டுக்காரருக்கு உண்மையாகவே வாடகை கொடுக்கின்றாரா? கடிதம் கிடைத்ததா, கிடைக்கவில்லையா? கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை மன்றம் திருப்பிக் கேட்கும்போது, அத்தவறு உத்தியோகத்தருடையதா, தவறென அறிந்துகொள்ளக் குடியிருப்பாளருக்கு வாய்ப்பிருந்ததா? இவற்றுக்கு விடை கூறுவதற்கு உயர்ந்த சட்டப் புலமை வேண்டியதில்லை; ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, சார்பின்றி முடிவு செய்யும் ஒருவரே வேண்டும். அந்த ஒருவர்தான் பதினெட்டு ஆண்டுகளாகக் கிடைக்காதிருந்தார்.

ஸ்ராஸ்பூர்க் வரை சென்ற ஒரு படிவம்

எத்தியோப்பியாவிற் பிறந்து 1993ஆம் ஆண்டில் பிரித்தானியாவுக்கு வந்து அரசியல் தஞ்சங் கோரிய இளம் பெண் ஒருவரின் வழக்கு இதனை உலகறியச் செய்தது. அவர் இலண்டனில் வீடமைப்புச் சங்கம் ஒன்றின் வீட்டிற் குடியிருந்தார். சங்கத்தின் துணையுடன் 1997ஆம் ஆண்டில் ஹமர்ஸ்மித்–புல்ஹாம் மன்றத்தில் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்துப் பெற்றார். அக்கால விதிப்படி ஆண்டுதோறும் படிவம் நிரப்பி உதவியைப் புதுப்பித்தல் வேண்டும். ஆங்கிலம் போதிய அளவு தெரியாமையாலும் உதவிப்பண முறைமையில் பழக்கம் இன்மையாலும் அவர் அப்படிவத்தை உரிய காலத்தில் அனுப்பத் தவறினார். வாடகை நிலுவையாகிவிட்டதை அறிந்தபின், இடைப்பட்ட காலத்துக்கும் உதவியைப் பின்திகதியிட்டு வழங்குமாறு வேண்டினார். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை எனக் கூறி மன்றம் மறுத்தது.

1999 செப்ரெம்பரில் மீளாய்வுச் சபை கூடியது. மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்தனர். மன்றத்தின் சட்டப் பிரிவைச் சேர்ந்த வழக்குரைஞர் ஒருவர் அவர்களுக்கு ஆலோசனை கூறினார். பெண்ணின் விளக்கத்தைச் சபை நம்பத்தக்கதாகக் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டில் மேல் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. சபையின் முடிவு சட்டத்துக்கு முரணானதென்றோ அறிவுக்கு ஒவ்வாததென்றோ கூற இயலாது. அதற்கப்பாற் செல்ல அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. நம்பப்படாத சாட்சியத்தை மீளக் கேட்கும் இடம் நாட்டில் எங்கும் இல்லாதொழிந்தது.

இவ்வழக்கில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மன்றங்கள் கொடுத்த உதவிப்பணத்தின் 95 சதவீதத்தை மத்திய அரசாங்கம் திருப்பிக் கொடுத்து வந்தது. பின்திகதியிட்டு வழங்கப்பட்ட பணத்துக்கோ 50 சதவீதமே திரும்பக் கிடைத்தது. எனவே தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டு என மீளாய்வுச் சபை முடிவு செய்த ஒவ்வொரு முறையும் மன்றத்தின் கருவூலத்துக்குப் பாதிச் சுமை நேர்ந்தது. 1610ஆம் ஆண்டில் வைத்தியர் கல்லூரிக்கு எதிராக நீதியரசர் கோக் கூறிய காரணம், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின்னர் அப்படியே திரும்பி வந்தமை வியப்புக்குரியது.

2006 நவம்பர் 14ஆம் நாள், ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மீளாய்வுச் சபை சுதந்திரமற்றது என்பது மாத்திரமன்றி, வழக்கின் ஒரு தரப்போடு நேரடியாகப் பிணைக்கப்பட்டதுமாகும். உண்மை பற்றிய முடிவில் மன்றத்தின் சார்பு புகுந்திருக்கக்கூடும். மேல் நீதிமன்றத்தினால் அதனைக் களைய இயலாது. ஆதலின் நேர்மையான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்பதே அதன் சாரம். ஒரு படிவம் அனுப்பத் தவறிய பெண்ணின் குரல் கேட்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் சென்றன.

2001ஆம் ஆண்டின் மாற்றம்

ஸ்ராஸ்பூர்க்கின் தீர்ப்பு வெளிவந்தபோது மீளாய்வுச் சபைகள் மறைந்து ஐந்து ஆண்டுகளாகிவிட்டன. 1998ஆம் ஆண்டில் நிறைவேறி 2000 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த மனித உரிமைகள் சட்டத்தின் முன் அச்சபைகள் நிலைக்க முடியாது என்பதை அரசாங்கம் உணர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின் வாயிலாக, 2001 யூலை 2ஆம் நாள் முதல் வாடகை உதவிப்பணத் தகராறுகள் சுதந்திரமான மேன்முறையீட்டு நியாயசபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டில் நொரிச் நகர மன்றத்துக்கு எதிரான வழக்கொன்றில் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றமே பழைய சபைகளின் சுதந்திரமின்மையை ஏற்றுக்கொண்டது.

புதிய முறையில் குடியிருப்பாளர் ஒரு மாதத்துக்குள் மன்றத்திடம் தீர்மானத்தைத் திருத்துமாறு கேட்கலாம். அன்றி நேரே மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீட்டு மனுவை மன்றத்திடமே கையளிக்க, மன்றம் அதனை நியாயசபைக்கு அனுப்புதல் வேண்டும். கட்டணம் இல்லை. சட்டந் தெரிந்த தலைவர் சாட்சியத்தைக் கேட்டு, உண்மை யாதென மீளத் தீர்மானித்து, மன்றத்தின் முடிவுக்குப் பதிலாகத் தன் முடிவையே வைக்கலாம். சட்டப் பிழை இருப்பின் மேலும் ஒரு படி செல்லலாம். 2007ஆம் ஆண்டின் சட்டத்தினால் 2008 நவம்பரில் இவை முதல்நிலை நியாயசபை, மேனிலை நியாயசபை என ஓர் ஒழுங்குக்குள் வந்தன.

இம்மாற்றத்தின் பயன் 2013ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில், வேலை செய்யும் வயதினராய்ச் சமூக வீடுகளில் வாழ்ந்தோரிடம் ஒரு படுக்கையறை மிகையாயிருப்பின் கணக்கிலெடுக்கப்படும் வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் 25 சதவீதமும் கழிக்கப்படலாயின. மக்கள் இதனைப் ‘படுக்கையறை வரி’ என்றழைத்தனர். விதியை வகுத்தது மத்திய அரசாங்கம். கடிதம் அனுப்பியது மன்றம். கிளே குறொஸ் உறுப்பினர் நின்ற இடத்திலேயே மன்றங்கள் மீண்டும் நின்றன. ஆயின் இம்முறை குடியிருப்பாளருக்குச் செல்லுதற்கு வேறோர் இடம் இருந்தது. அறை என்பது யாது, கட்டிலை இட இடமில்லாத மூலை படுக்கையறையாகுமா என்னும் வினாக்களுடன் அவர்கள் நியாயசபைகளுக்குச் சென்றனர்.

கடும் நோயினாலோ ஊனத்தினாலோ ஒரே அறையில் உறங்க இயலாத தம்பதியரின் வழக்குகள் இவற்றுள் தலையாயவை. இரண்டாவது அறை அவர்களுக்கு மிகையன்று, தேவை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம், இத்தகைய தேவையுடையோரிடம் கழிவு செய்தமை நியாயமற்ற பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. எனினும் விதி திருத்தப்படுவதற்கு முந்திய காலத்துக்கு மன்றமும் நியாயசபையும் விதிப்படியே கழிக்க வேண்டுமா என்னும் வினா எஞ்சிற்று. 2019 நவம்பரில் அதே நீதிமன்றம் அதற்கும் விடை கூறிற்று. பாராளுமன்றத்தின் சட்டமல்லாத வெறும் ஒழுங்குவிதி மனித உரிமைக்கு முரணாயின், அதனைப் புறக்கணித்தல் மன்றத்துக்கும் நியாயசபைக்கும் கடமையாகும் என்றது. ஒரு வீட்டின் ஓர் அறையைப் பற்றி ஓர் உள்ளூராட்சி மன்றம் அனுப்பிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு, அமைச்சரின் விதியையே ஒதுக்கி வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. மீளாய்வுச் சபைகள் நீடித்திருப்பின் இவ்வழி இத்துணை எளிதிற் திறந்திருக்குமா என்பது சிந்தனைக்குரியது.

எஞ்சி நிற்பன

வரலாறு இங்கு இனிதே முடிந்தது எனக் கூறுவதற்கில்லை. உதவிப்பணம் வாடகைக்குப் போதாதோருக்கு மன்றங்கள் தம் தற்றுணிபின்படி வழங்கும் மேலதிகக் கொடுப்பனவு, 2001ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதனை மறுத்தால் நியாயசபைக்குச் செல்ல வழி வைக்கப்படவில்லை. மன்றத்தின் உள்ளக மீளாய்வும் நீதிமுறை மீளாய்வுமே விடப்பட்டன. வீடற்றோரின் கோரிக்கைகளை 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி மன்ற உத்தியோகத்தரே மீளாய்வர். அதன்பின் சட்டப் பிழைக்காகவே மாவட்ட நீதிமன்றஞ் செல்லலாம். 2003ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை இவ்வேற்பாட்டைச் செல்லுபடியாகுமென ஏற்றது. 2013ஆம் ஆண்டு முதல் வேலை செய்யும் வயதினரின் வாடகை உதவி, படிப்படியாக மத்திய அரசாங்கம் நிருவகிக்கும் பொது உதவித் தொகையினுள் சேர்க்கப்பட்டது. அங்கு மேன்முறையீட்டுக்கு முன் திணைக்களத்திடமே மீள்பரிசீலனை கோருதல் கட்டாயமாயிற்று. வாயில் அடைக்கப்படவில்லை, வாயிலுக்கு முன்னால் மற்றுமொரு திண்ணை கட்டப்பட்டது.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாதெனில், உரிமை ஒன்றை வழங்குதலும் அதனை மறுப்போரிடமிருந்து அவ்வுரிமையைக் காத்தலும் இரு வேறு செயல்கள் என்பதாகும். 1982ஆம் ஆண்டின் சட்டம் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்தது. அம்மறதியின் பாரத்தைச் சுமந்தோர் நிலுவைக் கடிதத்தைக் கையில் ஏந்தி நின்ற குடியிருப்பாளர்களே. கால்வாய்ப் பங்குகளை வைத்திருந்த பிரபுவின் தீர்ப்பைத் தள்ளுவதற்குத் தயங்காத சட்டம், வாடகை வீட்டின் வாயிலுக்கு வந்து சேர மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் எடுத்தது.

ஆராய்ச்சி மணி அரண்மனை வாயிலில் தொங்கினாற் போதாது. அதன் ஓசையைக் கேட்டு வருபவர், மணியை அடிக்கச் செய்தவராக இருத்தலும் ஆகாது.